அணில் போட்ட புத்தகம்

எம்.சி. ரோட்டில்
நைட்டிக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே
தோள் அகலத்தில் ஒரு பொம்மைக் கடை.
பைக்கை எங்கே விடுவது என்பதே
அரை மணி நேர வேலை.

இன்னா வயசு கொயந்த?
ரெண்டு முடியப் போது.
பொண்ணா? அப்ப கிச்சன் செட்டு எடுத்துக்கோ தம்பி,
குக்கர் கீது, அடுப்பு கீது, குட்டிக் கரண்டி கீது.

வேணாங்க.
அவள் அம்மா, என் தங்கை எப்சிபா,
மஸ்கட்டில் இந்நேரம்
யார் வீட்டுக் குக்கரையோ கழுவிக்கொண்டிருப்பாள் என்று
சொல்லவில்லை.
வேற காட்டுங்க என்றேன்.

ஆடும் குதிரை நல்ல குதிரைதான்.
கொருக்குப்பேட்டையில் எங்கள் அறையில்
அது ஆட வேண்டுமென்றால்
இரண்டு தண்ணீர் டிரம்மும் மச்சான் டேனியும்
வெளியே நிற்க வேண்டும்.
மேளம் கூடாது.
கீழ்வீட்டு ஜான்பாஷாவுக்கு மணலியில் நைட் ஷிஃப்ட்,
பகலில் தூங்குகிற மனுஷன்.
கண் மூடித் திறக்கும் பொம்மையா,
ஜெருஷா அன்றைக்கே அந்தக் கண்ணைத் தோண்டிவிடுவாள்.
மூடித் திறக்கிற எதையும்
அவள் விட்டு வைத்ததில்லை.

அப்புறம் கடைக்காரம்மா நீட்டியது செல்போன்.
ரோஸ் கலர். பட்டனைத் தொட்டால்
நாய் குரைக்கும், ரயில் கூவும்.
எல்லாக் கொயந்தையும் இத்தான் கேக்குது, நூத்தியெம்பது.
வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன்.
ஜெருஷாவுக்குச் செல்போன் என்பது
ராத்திரி ஒன்பதரைக்கு மேல்
அம்மா முகம் வந்து உட்காரும் இடம்.
இதை எத்தனை தரம் அமுக்கினாலும்
நாய்தான் வரும்.

திருப்பிக் கொடுத்தேன்.
இன்னா தம்பி, பொம்ம வாங்க வந்தியா
பொண்ணு பாக்க வந்தியா?

புத்தகம் இருக்கா?
கீழே, பலூன் பாக்கெட்டுக்கு அடியில்,
தடி அட்டைப் புத்தகங்கள்.
கிழியாது. எச்சில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம்.
முதலாவதைத் திறந்தேன்.
அ — அம்மா.
சிவப்புப் புடவை, இடுப்பில் குழந்தை.
அடுத்தது.
அ — அம்மா. பச்சைப் புடவை.
மூன்றாவதில் சுடிதார், மூக்குக் கண்ணாடி எல்லாம் போட்டிருந்தாள்,
என்ன பிரயோஜனம்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து
முதல் பக்கத்தை மட்டும் திறந்து திறந்து மூடினேன்,
பெட்டி பெட்டியாய்க் கிளறும் கஸ்டம்ஸ்காரனைப் போல.
ஏழாவதில்
அ — அணில்.
வால் கொஞ்சம் தடிமன், பார்க்க நரி மாதிரி.
பரவாயில்லை.
எழுபத்தைந்து ரூபாய். பேரம் பேசவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
போட்டால் போட்டதுதான்.
கூட்ஸ் வண்டி, எண்ணெய் டாங்கர்கள்
ஒன்றன் பின் ஒன்றாய், அவசரமே இல்லாமல்.
எஞ்சினை அணைத்துவிட்டு
கவரிலிருந்து எடுத்துப் புரட்டினேன்.
ஆடு. இலை. ஈ.
உரல், இவள் எங்கே பார்க்கப் போகிறாள்.
ஊஞ்சல்.
எலி, தினமும் பார்க்கிறாள்.
ஏணி. ஐந்து விரல்.
ஒ —
ஒட்டகம்.

போன மாதம்தான்
வேலை செய்கிற வீட்டார் எங்கோ கூட்டிப் போன வழியில்
எப்சிபா போனைத் திருப்பிக் காட்டினாள்.
ஒட்டகம் பாரு கண்ணு, ஒட்டகம் பாரு.
மூன்று நிமிஷம். சிக்னல் போய்விட்டது.
அன்றிலிருந்து
திமிலை ஆட்டிப் போகும் தெரு மாட்டைக் கண்டாலும்
மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டியைக் கண்டாலும்
ஜெருஷா
அம்மா என்று டாட்டா காட்டுகிறாள்.

கடைசி டாங்கரும் போயிற்று.
பின்னால் ஆரன். யோவ், வண்டிய எடுய்யா.
அந்த ஒரு பக்கத்தை ஒட்டிவிட்டால் என்ன?
பசைகூட வேண்டாம்,
நாலு சோற்றுப் பருக்கை போதும்.

தண்டவாளத்தில் குலுங்கி இந்தப் பக்கம் வந்தபோது
சட்டைக்குள் புத்தகத்தின் முனை குத்தியது.
ஒட்ட வேண்டாம்.
டேனியிடம் மட்டும் சொல்லி வைக்க வேண்டும்,
பத்தாம் பக்கத்தை
அவசரப்பட்டுப் புரட்டாதே,
அவள் கையாட்டி முடிக்கட்டும் என்று.